வித்த வீட்டில் ஒரு மார்கழி

விழுப்புரத்து வீட்டை விற்றாகிவிட்டது. திண்டிவனத்து வீடு கைக்கு வரவில்லை. நடுவில் ஒரு மார்கழி மாதம். வித்த வீட்டிலேயே இருந்தோம்.

எண்பத்தைந்தோ ஆறோ, சரியாக ஞாபகம் இல்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மல்லாட்டை மில்லை, அதுதான் வேர்க்கடலை மில்லை, மூடிவிட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை கிடைத்தது. விடியக்காலம் பாசஞ்சர் ரயிலில் போவார், இருட்டி வருவார். ரயில் லேட்டானால் அரை நாள் கூலி போச்சு. கொஞ்ச காலம் அப்படி ஓடினார். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"வீட்ட குடுத்துட்டு அங்கயே போயிடலாம்."

"சரி" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

எங்களுடையது ஓட்டு வீடு. ரெண்டு ரூம், பின்னால் கொஞ்சம் இடம், ஒரு கைப்பம்பு. தண்ணீர் நன்றாக இருக்கும். பின்பக்க வேலியில் நான் போட்ட பூசணிக்கொடி ஏறியிருந்தது.

வீடு பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். ஒருத்தர் சமையல்கட்டு மூலை சரியில்லை என்றார். ஒருத்தர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு ஆள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"இந்த வீட்ல யாராச்சும் தூக்கு மாட்டிக்கினாங்களா?"

"இது வரைக்கும் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ஆள் திரும்ப வரவில்லை.

கடைசியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஒருத்தர் வாங்கினார். அவர் பெண்சாதி பம்பை அடித்து ஒரு கை தண்ணி குடித்தாள். "இது போதும்" என்றாள். வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்களுக்கு அவசரம். மார்கழி பிறந்தால் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கும் அதுதான் தோது. இன்றைக்கு இங்கே விற்பது, நாளைக்குத் திண்டிவனத்தில் வாங்குவது, அடுத்த நாள் சாமானை வண்டியில் ஏற்றுவது. திண்டிவனத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ரயில்வேயில் இருந்து ரிட்டையரானவர். மெட்ராஸில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார்.

விழுப்புரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மறுநாள் திண்டிவனம் போனோம்.

பத்திரம் எழுதுபவர் பழைய பத்திரத்தைப் பார்த்தார். ரயில்வேக்காரரைக் கேட்டார்.

"இது உங்க அப்பா பேர்ல இருக்குது. கூடப் பொறந்தவங்க யாராச்சும் உண்டா?"

ரயில்வேக்காரர் மேலே கூரையைப் பார்த்தார்.

"ஒரு அக்கா. அனந்தபுரத்துல."

"அவங்க வரலியா?"

"அவங்க எதுக்கு? கட்டிக் குடுத்தாச்சு."

"கட்டிக் குடுத்தா அப்பன் இல்லன்னு ஆயிடுமா?"

பேனாவை மூடிவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார். "அந்தம்மா கைநாட்டு இல்லாம வாங்காதீங்க. நாளைக்குப் பேஜாரு."

வெளியே வந்ததும் விஷயம் தெரிந்தது. அவங்க அம்மா செத்த சமயத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு தடித்துவிட்டது. அதிலிருந்து இவர் அக்காவுக்குப் பொங்கல் வரிசை எடுத்துப் போகவில்லை. எங்கள் பக்கம் பொங்கலுக்குப் பொறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, புடவை எல்லாம் போக வேண்டும். எத்தனை வயசானாலும் போக வேண்டும். நின்றுபோனால் அந்தப் பெண்ணுக்கு ஊரில் தலை நிமிராது. வரிசை வந்தால்தான் கைநாட்டு என்று அந்தம்மா சொல்லிவிட்டார்களாம்.

"நான் போவ மாட்டேன்" என்றார் ரயில்வேக்காரர். "நீங்க வேணும்னா போய்ப் பேசுங்க. தை பொறந்து மொத முகூர்த்தத்துல முடிக்கணும். இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரரு கைநாட்டு இல்லாமலே வாங்கிக்கிறேன்றாரு. அவரு மச்சான் வக்கீலு."

ஊருக்குத் திரும்பி வந்தோம். சைக்கிள் கடைக்காரர் வீட்டில் நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் வந்து பால் காய்ச்சினார்கள். என் அடுப்படியில்தான். நாங்கள் ஓரமாக நின்றோம். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

"தை வரைக்கும் நீங்களே இருங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன்.

இன்னொருத்தி பால் பொங்கின அடுப்பில் நான் எப்படிச் சோறாக்குவது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் மூன்று கல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மார்கழி முழுக்க வெளியில்தான் சமையல். பனியில் விறகு நமுத்துப்போகும். ஊதி ஊதிக் கண் எரியும். என் வீட்டுக்காரர் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போவார்.

வாடகைக்குப் போகலாம் என்றால் அதுவும் முடியாது. மார்கழியில் யாரும் குடி வைக்க மாட்டார்கள். குடி போகவும் கூடாது.

முதல் தேதி விடியக்காலம் வாசலில் சாணித் தண்ணி தெளிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். கடைக்காரர் பெண்சாதி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மார்கழிக் கோலம். அவள் வீடு, அவள்தான் போட வேண்டும். கடைத்தெருவில் இருந்து அந்தக் குளிரில் நடந்து வந்திருந்தாள்.

"அக்கா, பாத்து வாங்க. மிதிச்சிடாதீங்க."

"ஓரமாப் போறேன்."

"நடுவுல வெக்க பூ வேணும். உங்க கொடியில பறிச்சிக்கட்டா?"

"உன் கொடிம்மா. என்னைக் கேக்கற."

"போட்ட கை உங்குளுதாச்சேக்கா."

தினமும் வந்தாள். தினமும் நான் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள் கேட்டாள், "ஏங்க்கா, நீங்க வீட்ட வித்தீங்களா, இல்ல வாசல மட்டும் வித்தீங்களா?" நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் அனந்தபுரம் போனோம். அந்தம்மா விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வித்த வீட்டில் இருக்கிறோம், அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், தை பிறந்தால் போக இடம் இல்லை.

"கேக்கப் பாவமாத்தான் இருக்குது" என்றார்கள். கை நிற்கவில்லை, உடைத்துக்கொண்டே இருந்தது.

"ஒரு தொகை வேணும்னா நாங்க தர்றோங்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"காசு எங்கிட்ட இருக்குது. தம்பிதான் இல்ல."

எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்.

"வரிசைய நாமளே கொண்டு போய் வெச்சிட்டு வந்துடலாம். தம்பி குடுத்தனுப்புனாருன்னு சொல்லிக்கலாம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பொங்கலுக்கு முந்தின வாரம் வாங்கினோம். புடவை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சக்கொத்து, ஒரு ஜோடி கரும்பு. கூடை நிறைந்த மாதிரி இல்லை. பின்பக்கம் போய் நல்ல பூசணியாக ஒன்று பறித்து மேலே வைத்தேன்.

அனந்தபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கரும்பைப் பார்த்துவிட்டுத் தெருப் பெண்கள் கூட வந்தார்கள். அந்தம்மா வாசலுக்கு வந்தார்கள்.

"உங்க தம்பி மெட்ராஸ் போயிருக்காரு. எங்ககிட்ட குடுத்தனுப்புனாரு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பொய் வராது. கரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்தம்மா முகம் மாறியது. கூடைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மூடியிருந்த துண்டை எடுத்தார்கள். கை அப்படியே நின்றுவிட்டது.

"இத யாரு வெச்சது?"

"உங்க தம்பிதான்."

"என் தம்பி பூசணிக்கா வெச்சானா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"எங்க வம்சத்துக்கே பூசணி ஆவாது. கொலசாமிக்கு விட்டுட்டோம். சமைக்க மாட்டோம், கொடி போட மாட்டோம். மார்கழிக் கோலத்துல பூ கூட வெக்க மாட்டோம். அவன் வெச்சானாம்."

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "பொய் சொல்றதுக்கு வேற காயா கெடைக்கல?"

அந்தம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. துண்டைத் திரும்ப மூடினார்கள்.

"நேரா அவங்கிட்ட போங்க. அவன் வாசல்ல எறக்குங்க. உங்க அக்காவுக்கு நாங்க வரிசை எடுத்துக்கினு போனோம்னு சொல்லுங்க. தெருவே கேக்கணும்."

செஞ்சி வழியாகத் திண்டிவனம் போனோம். கண்டக்டர் கூடையையும் கரும்பையும் பார்த்தார்.

"பொண்ணு பாக்கவா?"

"வீடு வாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் இறக்கினோம். என் வீட்டுக்காரருக்குக் குரல் ஏறாது. நான்தான் சொன்னேன், அந்தம்மா சொன்னபடியே. ரெண்டு மூன்று வீட்டில் இருந்து வெளியே வந்து பார்த்தார்கள். வக்கீல் மச்சான் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். ரயில்வேக்காரர் வெளியே வந்தார். முதலில் அவர் கண் பூசணியில்தான் விழுந்தது.

"ஊரான் வந்து எங்க அக்காவுக்கு வரிசை வெக்கறதா? என்னா நெனச்சிக்கினு இருக்கறீங்க?"

"நீங்க வெக்கல" என்றார் என் வீட்டுக்காரர். வேண்டுமென்று குத்திச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

ரயில்வேக்காரர் தோள் துண்டை எடுத்தார். பூசணியைத் துண்டால் பிடித்துத் தூக்கித் தெருவோரம் கொண்டுபோய் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம். பூசணியை அங்கேயே விட்டுவிட்டோம். ரயிலில் அவர் சொன்னார், "வீடு போச்சு."

மறுநாள் காலையில் கோலம் போட வந்தவள் கேட்டாள்.

"அக்கா, ஒரு காயக் காணமே?"

"நான்தான் எடுத்தேன்."

"கொழம்புக்கா?"

"இல்ல. வரிசைக்கு."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லன்னு ஆயிடுச்சு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

போகிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வந்தாள். எங்கள் சாமானை நடுவில் சேர்த்துவைத்துச் சுவருக்கு அடித்தார்கள். பொங்கலன்று அவர்கள் முன்வாசலில் பானை வைத்தார்கள். நான் பின்பக்கம் வைத்தேன். திரும்பி வந்த வெல்லம் அதற்குத்தான் ஆனது. புடவையைப் பிரிக்கவில்லை.

"எப்பக்கா போறீங்க?" என்று கடைக்காரர் பெண்சாதி மெதுவாகக் கேட்டாள். அவள் மாமியார் கேட்கச் சொல்லியிருப்பாள்.

"போயிடறோம்."

"எங்க?"

"தெரியல."

அவள் ஒரு கிண்ணம் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

காணும் பொங்கல் முடிந்து மில் திறந்தது. அங்கே ரயில்வேக்காரர் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார், வியாழக்கிழமை பத்திர ஆபீஸுக்கு வரச் சொல்லி. எதற்கு என்று சொல்லவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனோம். இருந்தாலும் என் வீட்டுக்காரர் பணத்தை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் வந்தார்.

பெஞ்சில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார்கள். புதுப் புடவை, மடிப்புக் கலையவில்லை. பக்கத்தில் தம்பி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பூசணிக்காக்காரங்க வந்துட்டாங்க" என்றார்கள் அந்தம்மா.

தம்பி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பொங்கலன்று அனந்தபுரம் போயிருக்கிறார். என்ன எடுத்துப்போனார், என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பத்திரம் எழுதுபவர் படித்துக் காட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ரிஜிஸ்தார் அந்தம்மாவைப் பார்த்து, "சம்மதந்தானாம்மா?" என்றார். "சம்மதந்தான்" என்றார்கள். கட்டை விரலை மையில் வைத்து உருட்டினார்கள். வெளியே வந்து விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்கள்.

"அந்த வீட்ல கெணத்தாண்ட ஒரு எடம் இருக்குது. தண்ணி விழுந்து விழுந்து நல்ல மண்ணு. பூசணி போட்டா நல்லா வரும்."

"நீங்கதான் போட மாட்டீங்களே. எப்பிடித் தெரியும்?"

"சின்னப் புள்ளயில இருந்து பாத்துக்கினுதான இருந்தேன். அங்க போடலாமேன்னு." விரலை இன்னொரு தரம் துடைத்தார்கள். "இனிமே உங்க வீடு. எங்க சாமிக்கு அங்க வேலை இல்ல."

தம்பியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அவர் முன்னால் போனார், அந்தம்மா கொஞ்சம் பின்னால்.

அந்த வாரமே சாமானை ஏற்றினோம். விழுப்புரத்துக் கொடியில் முற்றின காயாக ஒன்றைக் கடைக்காரர் பெண்சாதியே அறுத்து விதை எடுத்துக் கொடுத்தாள். திண்டிவனத்தில் பால் காய்ச்சினோம். அன்றைக்கு மதியம் அரிசியைக் களைந்து எடுத்துக்கொண்டு பழக்கத்தில் பின்பக்கம் போய்விட்டேன். கல் இல்லாததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

ஆடியில் விதை போட்டேன். அந்தம்மா சொன்ன இடத்தில்தான். கொடி நன்றாக வந்தது, நிறையவே காய்த்தது. மார்கழி கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு காயைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"அனந்தபுரத்துக்கு ஒண்ணு எடுத்துக்கினு போவலாமா?"

"வேணாம்" என்றேன்.