பாலத்தின் மேல் ஒரு கடை

கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவன் நான். மனிதர் நேரில் வந்து, சாமானைத் தொட்டுப் பார்த்து, விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்தால்தான் எனக்கு அது கடை. ஆள் வராத கடை ஒன்றைப் போனுக்குள் திறப்பேன் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன்.

மனைவி செத்துப்போன பிறகுதான் அது தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. இந்தப் பனிச்சங்கேணி வீடும் முதலில் மனைவியின் சீதனம், பிறகு மகளின் சீதனம். மகள் கொழும்பில் புருசனோடு இருக்கிறாள். "தனிய என்ன செய்யிறீங்க அப்பா? வீட்டப் பூட்டிப்போட்டு எங்களோட வந்து இரிங்க" என்று பேசும்போதெல்லாம் சொன்னாள். பூட்டுவது அவள் உரிமை. ஆனால் மருமகன் வீட்டு சோபாவின் ஓரத்தில் குந்தியிருந்து டிவி பார்த்தே சாவது எனக்கு ஆகாது. மனைவி நெத்தலி காயவைத்து விற்றவள். அந்த வியாபாரத்தை நான் நடத்திப் பார்க்கிறேன், நடந்தால் இருக்கிறேன், நடக்காவிட்டால் வருகிறேன் என்றேன். சித்திரைப் புதுவருசம் வரைக்கும் தவணை தந்தாள்.

எங்கள் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் இழுக்காது. ஊரில் எல்லோரும் போனில் பேச வேண்டியதை வாவிப் பாலத்தில் நின்றுதான் பேசுவார்கள். நானும் அங்கே நின்றுதான் கடையைத் திறந்தேன். போன் கடைக்குப் பேர் கேட்டது, கொடுத்தேன். நெத்தலியின் படம் கேட்டது, கொடுத்தேன். இப்போது நிற்கும் இடத்தையே கடையின் இடமாகக் குறிக்கவா என்று கேட்டது. கேள்விகள் முடிந்தால் போதும் என்றிருந்தது. ஓம் என்று அமத்திவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு அந்தியிலும் பாலத்துக்குப் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் வந்திராது. சங்கக்கடையில் ஈ ஓட்டிய நாட்களிலும் ஊர்க்கதை அளக்கவாவது ஒருவர் வருவார். இங்கே அதுவும் இல்லை. காயும் நெத்தலிக்கு வந்த காகங்களைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் வேறு யாரோடு பேசுவது?

பங்குனியில் ஒரு ஓடர் வந்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மா கண்டியில் இருந்து கேட்டிருந்தார். அடுத்த நாள் கூரியர்காரர் கடைக்கே வந்து எடுப்பார் என்றிருந்தது. நான் பார்சலைக் கட்டி, நல்ல சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, வேலிப் படலையடியில் கதிரை போட்டுக் குந்தியிருந்தேன். வெயில் ஏறி இறங்கியது. ஒருவரும் வரவில்லை.

பாலத்துக்குப் போனதும் போன் விடாமல் கத்தியது. கூரியர்காரர் பலமுறை அழைத்திருக்கிறார். கடைசியில், "குறித்த இடத்தில் ஒருவரும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஓடரும் ரத்தாகியிருந்தது. அவரை அழைத்து நன்றாக ஏசினேன்.

"ஐயா, மெப்புல உங்கட கடை பாலத்துக்கு மேல நிக்கிது. நான் தண்ணிக்குள்ளயா இறங்கித் தேடுற?" என்றார்.

ஓம் என்று அமத்தியது நினைவுக்கு வந்தது. பிறகு அவரே பொறுமையாக, இடத்தைக் கையால் நகர்த்தலாம் என்று சொல்லித் தந்தார்.

மெப்பில் இருந்தது மேலே வானத்தில் இருந்து எடுத்த படம். வாவி, ரோட்டு, தென்னைகள் என்று விரலால் தடவித் தடவி எங்கள் கூரையைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் நீலமாக ஒரு சதுரம் தெரிந்தது. பெரிதாக்கினேன். மனைவி நெத்தலி காயப்போடும் தறப்பாள் விரிப்பு. அவளுடைய செத்தவீட்டுக்கு அதைத்தான் முற்றத்தில் பந்தலாகக் கட்டினார்கள். காற்றில் இரண்டாகக் கிழிந்துபோயிற்று. அதற்கு முந்தி எடுத்த இந்தப் படத்தில் அது கிழியாமல் விரிந்து கிடந்தது. அது விரிந்து கிடந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள், காகம் கலைக்கத் தடியோடு வேலிக்கரையில் எங்கேயோ நிற்கிறாள் என்று அர்த்தம். பாலத்தில் நின்று அழுதேன். மோட்டார்சைக்கிளில் போனவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடையின் குறியை அந்த நீலத்தின் மேல் வைத்தேன். அப்போதுதான் மகள் போனில் அழைத்தாள்.

"ஓடர் போயிட்டா அப்பா?"

"இல்ல மகள். தவறிட்டு."

"அப்ப இஞ்ச வாறீங்கதானே?"

"அம்மா முத்தத்தில நெத்தலி காயப் போட்டிருக்கா மகள். நான் எப்பிடிப் பூட்டிப்போட்டு வாற?"

படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அத எனக்கும் அனுப்புங்கப்பா" என்றாள். வீட்டைப் பூட்டும் கதையை அதோடு விட்டுவிட்டாள்.

அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். படலையைத் திறந்ததும் கண் முதலில் முற்றத்துக்குத்தான் போனது. அது வெறுமையாகக் கிடந்தது.