எதிர்த்திசையில் சுற்றிய பௌர்ணமி

அண்ணாமலையாரிடம் நான் வேண்டிக்கொண்டதைவிடச் சண்டை போட்டதுதான் ஜாஸ்தி. அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் பொய்யாகிவிடும்.

எங்கள் வீடு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில். தனியார் நிலையம் ஒன்றில் நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்தேன். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வேலை பழகினால்தான் சான்றிதழ். இடம் நாங்களே பிடித்துத் தருவோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பாடம் முடிந்ததும், நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். போன ஆடியிலிருந்து அலைந்தேன். சம்பளம் வேண்டாம், கட்டில் துடைக்கிறேன் என்றுகூடக் கெஞ்சினேன். ஓரிடத்தில் சிபாரிசு யார் என்றார்கள். இன்னோரிடத்தில் முன் அனுபவம் உண்டா என்றார்கள். அதற்காகத்தானே ஐயா வந்து நிற்கிறேன்? இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐந்து பௌர்ணமி அழுதுகொண்டே கிரிவலம் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. மார்கழிப் பௌர்ணமி வந்தது. ஒரு வாரத்துக்குள் வேலை பழக ஓர் இடத்தை நிலையத்தில் காட்டாவிட்டால் படித்த படிப்பு வீண். இந்தத் தடவையும் சுற்றிவிட்டு வா என்றார் அம்மா. எனக்கு வெறியே வந்துவிட்டது. மலையை வலப்பக்கம் வைத்துத்தான் ஊரே சுற்றும். நான் வேண்டுமென்றே ஈசான்ய லிங்கத்திலிருந்து எதிர்த்திசையில் நடந்தேன். அப்போது சாயங்காலம் நாலு மணி. எதிரில் வந்தவர்களெல்லாம் திட்டினார்கள். நான் மலையைத் திட்டினேன்.

கிரிவலத்தில் முன்னால் போகிறவரின் முதுகுதான் கண்ணில் படும். அன்றைக்கு எனக்கு மட்டும் முகங்கள் தெரிந்தன. குபேர லிங்கத்தின் அருகில் ஒரு பெரியவர் வந்தார். அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பின்னால் வந்த அவர் மனைவிக்கு அது தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். இடது கை எழவில்லை. பாடத்தில் படித்த பக்கவாதம் கண்முன்னால் நின்றது. அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். புரையேறிவிடும் என்று தடுத்தேன். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால், கடைசியாக எப்போது ஒழுங்காகப் பேசினார் என்று அந்த அம்மாவிடம் கேட்டு, அந்த நேரத்தை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டேன்.

பக்கத்து முதலுதவிப் பந்தலிலிருந்து ஒரு சிஸ்டர் ஓடி வந்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா நீ?"

"எங்கயும் இல்ல சிஸ்டர். ஒருத்தருமே சேத்துக்கல."

"நாளைக்குக் காலைல எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடு. நான் பேசறேன்."

அங்கேயும் சிபாரிசு யார் என்றுதான் கேட்டார்கள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலில் தெரிந்த மலையைக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

பத்தாம் நாள், 108-ல் ஏற்றி அனுப்பிய அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தன் பெயரைத் தெளிவாகச் சொன்னார். அங்கேயே நின்று அழுதேன்.

மூன்று மாதம் முடிந்து சான்றிதழ் வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலையும் கிடைத்துவிட்டது. பௌர்ணமிதோறும் பந்தலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏமாற்றிய நிலையத்தின் மேல் இருக்கும் கோபம் மட்டும் ஆறவில்லை.

உங்களுக்கும் கோபம் இருந்தால் வீட்டுக்குள் புழுங்காதீர்கள். கோபத்தோடே அண்ணாமலையாரிடம் வாருங்கள். நான் தப்பான பக்கமாகத்தான் போனேன். அங்கேயும் அவர் எனக்கு எதிரில்தான் வந்தார்.