கூறைப்புடவைக்கு மேலே பல்லி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. அதற்கு மன்னியுங்கள். ஆனால் இங்கே எழுதியிருக்கும் காரியத்துக்கு நான் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றும் கேட்பதாக இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டுத் தறியில், சித்தப்பா தன் கல்யாணத்துக்குத் தானே கூறைப்புடவை நெய்துகொண்டிருந்தார். ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கே நெய்து வந்தவர். மூன்றாம் நாள் அரக்குப் பட்டின்மேல் பல்லி எச்சம் விழுந்தது. துடைத்ததில் கறை இன்னும் பரவியது.

சித்தப்பா முதலில் சுவரில் மயிலிறகு செருகினார். பல்லி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்தது. பிறகு துடைப்பத்தை எடுத்தார். எங்கள் ஊரில் பல்லியை அடிப்பது லேசான பாவமில்லை. பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டால்தான் மனசு ஆறும். அம்மா பதறினாள்.

"ஒவ்வொண்ணுக்கும் தனியா போவணுமா அண்ணி? மொத்தமா அட்ச்சிட்டு, ஒரே தபா போய்த் தொட்டுட்டு வந்துடறேன்."

அப்படியே செய்தார். ஏழு பல்லி, ஒரு தரிசனம்.

கொஞ்ச நாளிலேயே வீட்டில் கரப்பான் பெருகியது. பாவு நூலுக்குப் பூசிய அரிசிக் கஞ்சி என்றால் அதற்கு விருந்து. காலையில் சித்தப்பா தறியில் உட்கார்ந்தால் இழைகள் அறுந்து கிடக்கும். நெய்தது பாதி, முடிச்சுப் போட்டது பாதி. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பல்லி கரப்பான் குஞ்சை விழுங்குவதை நான் படுத்தபடி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாரிடமும் அதிகம் பேசாத பிள்ளை, அதனால் இதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு, தெருமுனையில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் பாய் கடைக்குப் போனேன். அவர் சுவரில் பல்லிகள் கொழுத்துத் திரிந்தன.

"இன்னா நைனா, உங்க ஊட்ல பல்லிக்குப் பஞ்சமா? புட்ச்சிக்கினு போ. வால உட்டுட்டு ஓடிடும், பாத்துக்க" என்றார் பாய்.

மூன்று பிடித்தேன். தறிக்கு மேலே சுவரில் அவற்றை விடும்போது சித்தப்பா வந்துவிட்டார்.

"டேய், இன்னாடா பண்ற?"

"பல்லி உடறேன்."

துடைப்பத்தை என் கையில் திணித்தார். "உட்டவன் நீதானே. நீயே அடி."

"மாட்டேன்."

கன்னத்தில் அறை விழுந்தது. நான் துடைப்பத்தைத் தறிக்குழிக்குள் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப கரப்பான நீ துன்றியா சித்தப்பா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து தறிக்கு மேலே பந்தல்போலக் கட்டினார். அதற்குப்பின் எச்சம் வேட்டியில் விழுந்தது. இழை அறுவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் புடவை தறியிலிருந்து இறங்கியது.

சித்தப்பா அந்தக் கறை பட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தளவு கறைக்காக ஏழு உயிரைக் கொன்று, என்னையும் அடித்தாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பது அப்போது புரியவில்லை.

புரிந்திருந்தாலும் துடைப்பத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

எழுதி முடித்தது: புரட்டாசி 9, வியாழக்கிழமை.