வளையல் தவளை

ஒண்டிக்கடை முக்கில் என் காப்பித்தூள் கடையை ஒட்டி இருப்பது சையத் இப்ராஹிம் பாயின் வளையல் கடை. யார் கேட்டாலும் கண்ணாடி வளையலை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். ஒவ்வொன்றையும் விரலில் மாட்டி நகத்தால் ஒரு சுண்டு. கிணிங் என்றால் காகிதத்தில் சுற்றுவார். டொக் என்றால் விரிசல். குப்பைக் கூடைக்குப் போகும். ஒரு டஜன் வாங்க வந்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற கதையெல்லாம் உண்டு. "சுண்டுனது போதுமுங்க பாய், சுருட்டிக் குடுங்க" என்று நானே இங்கிருந்து கத்துவேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்த மனிதர்தான் கரடியூர் போகும் வழியில் உள்ள சேற்றுப்பள்ளத்துக்கு உயிர் கொடுக்கக் கிளம்பினார். அது ஊர்ப் பொது நிலம். வாலிபத்தில் வளையல் பெட்டியோடு அந்த வழியில் போகும்போது, மழைக்காலச் சாயங்காலங்களில் கோரைக்குள்ளிருந்து இரண்டு கண்ணாடி வளையல் மோதுவதுபோல ஒரு சத்தம் கேட்குமாம். கட்டைவிரல் நகமளவு தவளை. 'வளையல் தவளை' என்று அவராகவே பெயர் வைத்துக்கொண்டார். பிறகு யாரோ வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். கட்டடக் குப்பையும் பிளாஸ்டிக்கும் வந்து குவிந்தன. தவளை போய்விட்டது.

பாய் ஞாயிறுதோறும் ஆள் சேர்த்தார். குப்பையை அள்ளினார்கள், உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினார்கள், வாய்க்காலின் வாயைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தார்கள். "தவளைக்கு ஊடு கட்டறீங்களே பாய், பால் காய்ச்சறது எப்பங்க?" என்று நான் செய்த கேலிக்கு அளவில்லை. ஆனால் தண்ணீர் நின்றது. கோரை தானாக முளைத்தது. ஷீனா டீச்சர் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வர ஆரம்பித்தார். பாய் அவர்களைக் கரையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கேட்கிற ஒவ்வொரு குரலுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்வார்.

"சேறுன்னா அழுக்கு இல்ல கண்ணு. மழைத்தண்ணியப் புடிச்சு வெச்சுக் கோடையில நம்ம கெணத்துக்கு உடுற இடம் இது" என்பார்.

மற்ற தவளைகளெல்லாம் வந்துவிட்டன. வளையல் தவளை மட்டும் வரவில்லை. அது வந்தால்தான் பள்ளம் பிழைத்தது என்று அர்த்தம் என்பதில் பாய் பிடிவாதமாக இருந்தார்.

இந்த மழைக்குப் பிள்ளைகள் "கேக்குது, கேக்குது! கிணிங்குங்குது!" என்று குதித்தார்கள். பாய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஷீனா டீச்சருக்கும் ஏதோ கேட்டதுதான். ஆனால் அதுதானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழைய சத்தம் தெரிந்த ஆள் பாய் ஒருவர்தான். அவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார்.

"எம்மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லாதீங்க சாமி" என்றார். பிரிஸ்கில்லா என்ற சின்னப் பெண் அழுதுவிட்டாளாம். அடுத்த வாரமும் இதே கதை.

"இனிமே கூட்டியாராதீங்க டீச்சர். இல்லாததச் சொல்லிச் சொல்லிப் புள்ளைங்களையும் பொய் பேச வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேலையும் நின்றது. வாய்க்கால் அடைப்பில் மண் கரைய ஆரம்பித்திருந்தது. கவனிக்காமல் விட்டால் இந்த மழையிலேயே உடைந்து பள்ளம் மறுபடி வடிந்துவிடும்.

அந்த வாரம் வெள்ளக்கடை ஊரிலிருந்து செல்வமேரி என்ற அம்மாள் வந்து பாயைப் பிடிபிடியென்று பிடித்தார். மகளின் வளைகாப்புக்கு வாங்கிப்போன வளையலில் சிலது, கையில் ஏற்றும்போதே உடைந்துவிட்டன. பெற்றவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

"ஏனுங்க பாய், சுண்டிப் பாத்துத்தானுங்களே குடுத்தீங்க?"

"சுண்டாமக் குடுப்பனா அம்மிணி?" பாய்க்கு முகம் செத்துவிட்டது.

கல்லாவில் இருந்த அவர் மனைவி சலீமா எழுந்து வந்து, அதே வளையல் கட்டில் மீதியிருந்தவற்றை எடுத்தார். ஒன்றைச் சுண்டினார். கிணிங். இன்னொன்றைச் சுண்டினார். டொக். பக்கத்துக் கடையில் இருந்த எனக்கே கேட்டது.

"இது எப்படிங்க?"

"நல்லாத்தான இருக்குது."

முதல் வளையலை மறுபடி சுண்டினார். "இது?"

"இதும் அதே மாதிரிதான்."

சலீமா அவர் முகத்தையே பார்த்தார். ஆள் பேசுவது பாய்க்குக் கேட்கிறது, பஸ் ஹாரன் கேட்கிறது. மெல்லிசான சத்தம் மட்டும் எப்போதோ கழன்று போயிருக்கிறது. அது அவருக்கே தெரியவில்லை. கூடவே இருந்தும் கவனிக்கவில்லையே என்று சலீமாவின் கண் கலங்கியது. செல்வமேரிக்கு வேறு வளையல்களைத் தானே சுண்டிக் கொடுத்து, "உங்க புள்ள நல்லபடியாப் பெத்துப் பொழைப்பாளுங்க, நான் துஆ செய்யறேன்" என்று அனுப்பினார். பிறகு, ஒருநாளும் நேரத்தோடு கடை சாத்தாத அந்த அம்மாள் ஷட்டரை இழுத்துவிட்டார்.

"பாக்கியண்ணா, உங்க வேனை எடுங்க. பள்ளத்துக்குப் போகோணும்" என்றார் என்னைப் பார்த்து.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டோம். தூறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் என்பதால் சலீமா அதுவரை அங்கே வந்ததே இல்லை. தவளையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வளையலைப் பற்றித் தெரியும். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கரையில் நின்றார். பாய் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சலீமா அவர் மணிக்கட்டைப் பிடித்து விரலால் மெல்லத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

"என்ன சலீமா?"

"கிணிங்குங்குதுங்க. விரிசல் இல்லாத வளையலேதானுங்க."

அது என் காதிலும் விழுந்தது. "ஆமாங்க பாய்" என்றேன்.

"எனக்குக் கேக்கலியே."

"தெரியுமுங்க. சுண்டறப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப அந்தப் புள்ளைங்க..." என்றவர் முடிக்கவில்லை. அழுதார். சலீமா கையை விடவில்லை. தவளை கூப்பிடக் கூப்பிட அந்த மணிக்கட்டில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அடைப்புக்கு மண் போட ஆள் திரண்டது. நானும் மண்வெட்டியோடு போனேன். சேலத்துக்குப் போய்க் காது மெஷின் வாங்குவதாகப் பேச்சு. ஆனால் பாய்க்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. ஷீனா டீச்சரோடு வந்த பிள்ளைகளில் பிரிஸ்கில்லாவைத் தேடிப்பிடித்து, அவள் முன்னால் ஈர மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பொய் சொன்னது நீ இல்ல சாமி. என் காதுதான்" என்று கையை நீட்டினார். "இனிமே நீ கேட்டுச் சொல்லு."

அவள் யோசித்தாள். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பிறகு அவர் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பாயும் மூடிக்கொண்டார். விரல் தட்டியது. பாய் மறு கையில் ஒரு விரலை மடக்கினார்.