பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏபிஎஸ்: புதுச்சேரியில் இரண்டு இரவு கூடுதலாக

என்னுடையது ஐம்பது வயதைத் தாண்டிய, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். சென்ற மழைக்காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் இறுகி, கார் வழுக்கிக்கொண்டே போய், சைக்கிளோடு நின்ற ஒருவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஏபிஎஸ் பொருத்திப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் காரை ஓட்டுவதையே விட்டுவிடுவது என்று அன்றே முடிவுசெய்தேன். ஏபிஎஸ் என்பது சக்கரம் இறுகும் நொடியில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பட்டறை வைத்திருக்கும் ஜாபர் பாயிடம் காரை விட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. வேறொரு காரின் பாகங்கள், நான்கு சக்கரங்களுக்கும் சுழற்சியை அளக்கும் பல் வளையம், சென்சார், கூலி எல்லாம் சேர்த்து 1,62,000 ரூபாய். வேலை முடிந்ததாகப் போன் வந்தது. காலை 6.10-க்குச் சென்னையில் பேருந்து ஏறி, 9.55-க்கு இறங்கினேன். முடிந்தது என்று யார் சொன்னாலும் நான் பார்த்துத்தான் நம்புவேன்.

சோதிக்கப் போனது அரியாங்குப்பம் தாண்டி, வீடே எழும்பாத ஒரு மனைப்பிரிவு. ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் வழுக்கும்படி, தார்ச்சாலையின் இடது பாதியில் பாய் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து மிதித்தேன். கார் நிற்கவே இல்லை. எல்லைக்கல்லைத் தாண்டி மணலில் இறங்கித்தான் ஓய்ந்தது.

"கால எடுத்துட்டீங்க மேடம். பெடல் துடிச்சா உடக் கூடாது, அழுத்திக்கினே இருக்கணும்."

"எடுக்கல பாய். நீங்க ஓட்டுங்க, நான் வெளிய நின்னு பாக்கறேன்."

அவருக்கும் அதேதான் நடந்தது. ஈரத்தில் இருந்த முன்சக்கரம் இறுகி வழுக்கியது. காய்ந்த பக்கத்துச் சக்கரமோ பிரேக்கே இல்லாததுபோல உருண்டது. சொன்னேன். பாய் காருக்கடியில் போனார். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மல்லாந்து படுத்துக்கினு சென்சார் ஒயருக்குச் சீட்டு ஒட்டுனேன். எடமும் வலமும் மாறிப் போச்சு. ஈரத்துச் சக்கரம் வழுக்குனா, காஞ்ச சக்கரத்துக்குப் பிரேக்க உட்டுடுது."

அப்போது மீன்கூடையோடு வந்த வீராம்பட்டினத்து அம்மா ஒருவர் நுரையைப் பார்த்து நின்றார். "ஏன் பாய், கார கழுவறியா, ரோட்ட கழுவறியா?"

"ரெண்டும் இல்லம்மா. என் மானத்த."

ஒயரை மாற்றியதும் அவர் மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் கார் நேராக நின்றது. பிறகு என் முறை. ஏபிஎஸ் வேலை செய்து பெடல் பாதத்துக்கடியில் அதிர்ந்ததும் கால் தானாக மேலே வந்துவிட்டது. மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து ஓட்டியே பழகிய கால். பத்து முறையில் நான்கு முறை எடுத்துவிட்டேன். பாய் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க மேடம்."

"கார் என்னுது பாய்."

"எதுத்தாப்ல வரவன் உங்களுது இல்லியே."

கோபம் வந்தது. கொடுத்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் அறை, ஓர் இரவுக்கு 1,400 ரூபாய். மறுநாள் பத்துக்கு ஒன்பது முறை காலை எடுக்காமல் மிதித்தேன். போதாது என்றார் பாய். எனக்கும் போதவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கி, தொடர்ந்து இருபது முறை கால் அசையவில்லை. 9.15-க்குக் கிளம்பி, அறுபதைத் தாண்டாமல் ஓட்டி, 1.20-க்கு வீடு சேர்ந்தேன்.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில: பழைய காரில் இப்படி மாற்றலாமா என்று போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ந்த தரை என்று சோதிக்காமல் காரை எடுக்காதீர்கள். முழுதும் காய்ந்த தரையில் எங்கள் தவறு தெரிந்தே இருக்காது. பெடலின் அதிர்வு காலுக்குத் தெரியும்படி மெல்லிய அடியுள்ள செருப்பு போடுங்கள். திரும்பும் நாளை முன்கூட்டி முடிவுசெய்யாதீர்கள்.

நேற்று என் கணவர் ஒரு சுற்று ஓட்டிப்பார்க்கிறேன் என்று சாவி கேட்டார். பட்டறை முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.