அரக்குச் சிவப்புப் பொட்டு

பாமாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பரிதாபம் அதற்குப் பிறகு. அல்வாலில் எங்களுக்கு அடுத்த வீடு. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வருகிற ரகம். சாம்பாரில் உப்பு சரியா என்று என்னைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வாள். கையில் சால்டரிங் அயர்னைப் பிடித்தால் மட்டும் அந்தச் சந்தேகமெல்லாம் வாசலோடு நின்றுவிடும். உலகத்தில் அவள் நம்பிய ஒரே பொருள் அவள் கைதான்.

பாலாநகரில் லிஃப்டுகளுக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்து கொடுக்கும் சின்ன கம்பெனியில் வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போர்டில் ஈயம் உருக்கி வைப்பார்கள். யார் செய்தது என்று தெரிய, மூலையில் ஒரு நெயில் பாலிஷ் பொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். பாட்டிலை வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டியது அவரவர் பாடு. பாமாவுடையது அரக்குச் சிவப்பு. அந்தப் பொட்டைப் பார்த்தால் சோதிக்கிறவர்கள்கூடப் புரட்டிப் பார்க்காமல் அனுப்பிவிடுவார்கள்.

மேனேஜர் ராகவேந்திரா அவளை லைனுக்கு இன்சார்ஜ் ஆக்கினார்.

"எனக்கு அதெல்லாம் வராது சார்" என்றாள்.

"கொஞ்சம் கத்தினா போதும்மா, வேலை தானா நடக்கும்."

பாமாவுக்குக் கத்த வராது. முன்பு இருந்தவள் போர்டை முகத்துக்கு நேரே வீசுவாளாம். இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை இப்படி வச்சுப் பார்க்கலாமா? எனக்கும் சரியாத் தெரியல" என்பாள். நன்றாகத் தெரியும். எதிரில் இருப்பவள் கூசிப்போகக் கூடாதே என்று அப்படிச் சொல்வாள். சொல்லிச் சொல்லியே ஒன்றும் தெரியாதவள் என்று பெயர் வாங்கினாள். ஆனால் பாத்ரூமில் போய் அழுவது அந்த லைனில் நின்றுபோயிருந்தது. அதை யார் கவனிக்கிறார்கள்?

ஸ்ரீலேகா எங்கள் தெருமுனைப் பெண். வேலையில் சேர்த்துவிட்டதே பாமாதான். டிகிரி உண்டு, வாய் உண்டு, கைதான் நடுங்கும். அவள் போர்டுகள் திரும்பத் திரும்பத் தள்ளுபடியாகி வேலை போகிற நிலைமை. ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளிடம் பாமா தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் பார்த்து சரி பண்ணின போர்டுக்கு என் பொட்டை வச்சுக்கோ. கை பழகற வரைக்கும்தான்."

"ஹவ் அக்கா" என்று அந்த ஊர் இந்தியில் தலையாட்டி வாங்கிக்கொண்டாள் அவள்.

முதலில் காட்டிவிட்டு வைத்தாள். பிறகு காட்டாமலே வைத்தாள். நன்றாக வந்ததற்குத் தன் நீலப் பொட்டு, சொதப்பியதற்கு அக்காவின் சிவப்பு. இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் நஸ்ரின், ஸ்ரீலேகாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிற வாணியம்பாடிப் பெண். அவள் பாமாவிடமும் சொல்லித்தான் இருக்கிறாள். "பயத்துல வைக்கறா, பழகிடும்" என்று பாமா சிரித்தாளாம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்.

மழைக்காலத்தில் ஒரு பெட்டி போர்டு திரும்பி வந்தது. எங்கேயோ ஒரு அபார்ட்மெண்டில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் ஆட்களோடு நின்றுவிட்டது. ராகவேந்திரா பெட்டியை எல்லார் முன்னாலும் கவிழ்த்தார். அத்தனையும் அரக்குச் சிவப்பு.

பாமா ஒன்றை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். பார்த்த மாத்திரத்தில் தன் கை இல்லை என்று தெரிந்தது. ஸ்ரீலேகாவை நிமிர்ந்து பார்த்தாள். தானாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ஸ்ரீலேகா அயர்ன் நுனியை ஸ்பாஞ்சில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த நுனியையே மறுபடி துடைத்தாள்.

"என் பொட்டுதான் சார்" என்றாள் பாமா.

"பொட்டு தெரியுது. நீங்க பார்த்துத்தான் அனுப்பினீங்களா?"

இங்கேதான் அவள் மனசே அவளுக்கு எமன் ஆனது. பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேனோ? பார்த்தும் கண் தவறியதோ? கேஸ் அடுப்புச் சந்தேகம் கடைசியில் கைக்கும் வந்துவிட்டது.

"பார்த்திருப்பேன் சார். கவனிக்காம விட்டிருப்பேன்."

நஸ்ரின் வாயைத் திறந்தாள். பாமா கண்ணாலேயே அடக்கினாள்.

ராகவேந்திரா கத்தவில்லை. சிவப்புப் பாட்டிலை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இனிமே உங்களுக்குப் பொட்டு வேண்டாம்" என்றார். அடுத்த வாரம் ஸ்ரீலேகா இன்சார்ஜ். சிவப்பு கைக்கு வந்ததிலிருந்து நீலப் பொட்டு வைத்த போர்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லையே. அன்றைக்கே "அக்கா" போய் "பாமா" வந்தது. பாமாவுக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் உட்காரும் கடைசி நாற்காலி.

எனக்கு விஷயம் தெரிந்ததும் நேரே அவள் சமையலறைக்கே போனேன்.

"ஏண்டி வாயைத் திறக்கலை?"

"சின்னப் பொண்ணு, வேலை போயிடுமேக்கா."

"உன் பேரு போச்சே?"

"எனக்கு நிஜமாவே தெரியலைக்கா. நான் பார்த்தேனா இல்லையான்னு."

குட்டக் குட்டக் குனிகிறவளும் மடச்சிதான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். இவளை என்ன செய்வது?

போன வாரம் நடந்ததையும் நஸ்ரின்தான் சொன்னாள். புதுப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஸ்ரீலேகா அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பாமாவின் போர்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் பாருங்க, இப்படி வைக்கக் கூடாது. ஏன் பாமா இப்படி? இத்தனை வருஷமா என்னதான் கத்துக்கிட்டீங்க? பிரிச்சுட்டு மறுபடி வைங்க."

நஸ்ரின் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஈயம் எண்ணெய்த் துளி மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற பாமா, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தாள்.

"நக்கோக்கா, வேணாம். நல்லா இருக்கு, கை வைக்காதீங்க" என்று நஸ்ரின் காதோடு சொன்னாள்.

"இல்ல நஸ்ரின். அவ சொன்னா ஏதாவது இருக்கும்."

நல்ல ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தாள். மறுபடி வைத்தாள். வைத்த இடத்தையே இன்னொரு தடவை தொட்டாள். ஈயம் மங்கலாக, ஒரு பக்கம் மேடாக உறைந்தது. ஸ்ரீலேகா வந்து குனிந்து பார்த்தாள்.

"இப்போ சரி" என்று, தன் நீலப் பொட்டை மூலையில் வைத்தாள்.

பாமா அவளுக்குத் தேங்க்ஸ் சொன்னாள்.