பெரட்டுக் களத்துக் கடிகாரம்

என்னிடம் முப்பத்தொரு பழைய கடிகாரங்கள் இருக்கின்றன. ஓடுபவை பத்துக்கும் குறைவு. எங்கள் சின்னமனூர் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் கைபேசியைப் பார்ப்பார்கள், பிறகு "சார், இதுல எது சார் சரியான நேரம்?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள். எத்தனை வருடமாக இதே கேள்வி, இதே சிரிப்பு! என் மனைவி சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் கோயிலுக்குப் போய் எள் விளக்கு போடுகிறவள். "ஓடாத கடிகாரத்த வீட்டுக்குள்ள வச்சிருந்தா குடும்பம் வெளங்குமா? நீங்க வாங்கி வாங்கி மாட்டுங்க, நான் போயி வேண்டிக்கிட்டு வாரேன்" என்பாள். நான் காதில் வாங்கியதே இல்லை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். "எங்கப்பா மேகமலையில எஸ்டேட் ஆபீஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவரு." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

அப்பா தேயிலைத் தோட்ட ஆபீசில் பியூன். அம்மா கொழுந்து பறித்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, ஒரு அடுப்படி. அதற்குள் நாங்கள் நான்கு பேர். காலையில் வேலையாட்கள் எல்லோரும் ஆபீசுக்கு முன்னால் இருந்த மண் களத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். வராந்தாச் சுவரில் எட்டு மூலை மரச்சட்டத்துக்குள் ஒரு பெரிய கடிகாரம் தொங்கியது. அதன் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டு ஏழு மணி ஆனதும் கணக்கப்பிள்ளை நோட்டை மூடிவிடுவார். மூடியபின் வருகிறவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வந்த வழியே மழையில் நனைந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அம்மா அடிக்கடி திரும்பி வருவாள். தங்கை அப்போது பால்குடி. அவளுக்குப் பால் கொடுத்து, பிள்ளைகளை விடும் கொட்டகையில் விட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓட வேண்டும். ஓடியும் நோட்டு மூடியிருக்கும். அவளைப்போல இன்னும் நாலைந்து பேர் திரும்புவார்கள் என்றாலும், பெயர் என்னவோ அம்மாவுக்குத்தான் விழுந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவன் பொண்டாட்டிக்கே நேரம் தெரியவில்லை என்று ஊர் சிரிக்குமா, சிரிக்காதா? லேட்டுக்காரி. அப்படித்தான் லயத்தில் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். நானும் அப்படித்தான்.

ஒரு நாள் அம்மா விடாமல் நின்றாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் மணி சொன்ன பிறகே புறப்பட்டதாகவும், ஏழு ஆவதற்கு இன்னும் நேரம் இருப்பதாகவும் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் அப்பா வராந்தாவில் நின்றபடி கத்தினார். "ரேடியோ மெட்ராஸ்ல இருக்கு, ஆபீஸு இங்கன இருக்கு. ரேடியோ சொல்றத வச்சு மெட்ராசுலயே போயிக் கொழுந்து பறி." களமே சிரித்தது. பள்ளிக்கூடப் பையோடு ஓரமாக நின்ற நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கடிகாரக் கண்ணாடிக் கதவின் சின்னச் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். ஸ்டூலில் ஏறிக் கதவைத் திறந்து, பெரிய சாவியை முகப்பில் இருந்த ஓட்டையில் நுழைத்துத் திருப்புவார். கிர்ர், கிர்ர் என்று எனக்குள்ளேயே ஏதோ முறுகுவதுபோல இருக்கும். முகப்பில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று ஓடுவதற்கு, ஒன்று மணியடிப்பதற்கு. அப்பா இரண்டாவதைத் தொடவே மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "மலைக் குளிருக்கு ஊமையாப் போச்சுடா" என்றார். நம்பினேன். நான் ஊர்ப்பட்ட கடிகாரங்களைத் தேடி அலைந்தது அந்த ஓசைக்காகத்தான்.

பழைய கடிகாரம் சேர்க்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நானும் அதில் ஒருவன் என்பதால் சொல்ல உரிமை உண்டு. சரியான கிறுக்கர்கள். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒருவர் படம் போட்டால் போதும், டயல் ஒரிஜினலா, முள் ஒரிஜினலா, ஜெர்மனியா அமெரிக்காவா என்று மொய்த்துக்கொள்வார்கள். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே யார் நின்றார்கள் என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். நானும் கேட்டதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் நெல் நட்டவனுக்கும் மொச்சை போட்டவனுக்கும் மணி பார்க்க அவசியம் இருக்கவில்லை. கப்பலில் வந்த கடிகாரப் பெட்டிகள் முதலில் போய்ச் சேர்ந்த இடங்கள் தோட்ட ஆபீசுகள், தாலுகா கச்சேரி, போலீஸ் ஸ்டேஷன், மிஷன் பள்ளிக்கூடம். எல்லாம் அடுத்தவனை வரச்சொல்லிவிட்டு, வந்தானா என்று பார்க்கிற இடங்கள். இதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். முப்பத்தொரு கடிகாரம் வாங்கியபின் வந்த புத்தி.

சென்ற ஆண்டு மழை முடிந்த சமயம், உத்தமபாளையம் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் போன் செய்தார். "சார், மேல ஒரு பழைய ஆபீஸ இடிச்சுட்டு ரூம் கட்டி வாடகைக்கு விடப் போறாகளாம். சாமானெல்லாம் வண்டியில எறங்கியிருக்கு. எட்டு மூலைல ஒண்ணு கெடக்கு. வாரீகளா?" சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்தேன். கடையில் கிழிந்த நாற்காலிகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சட்டத்தின் கீழ் மூலையில் அப்பா ஸ்டூலோடு சரிந்து விழுந்தபோது பெயர்ந்த சில்லு அப்படியே இருந்தது. நடுக்கடையில் நின்று அழுதேன். ஐம்பத்தெட்டு வயது ஆள் அழுதால் கடைக்காரர் பேரம் பேசுவாரா? கேட்டதைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா பார்த்தாள். அப்பா போனதிலிருந்து அவள் எங்களோடுதான் இருக்கிறாள். "அம்மா, இது எதுன்னு தெரியுதா?" என்றேன். "தெரியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கண் கலங்கி இருப்பாள், கணவன் ஞாபகம் வந்திருக்கும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

மறுநாள் மேசையில் துணி விரித்து இயந்திரத்தை வெளியே எடுத்தேன். ஊமையானதற்குக் காரணம் உடனே கண்ணில் பட்டது. மணியடிக்கும் பகுதியைத் தூக்கிவிடும் கம்பி ஒன்று உண்டு. பெரிய முள் பன்னிரண்டுக்கு வரும்போது அதன் அச்சில் இருக்கும் முனை அந்தக் கம்பியைத் தூக்கும். அந்தக் கம்பி பின்பக்கமாக வளைந்து கிடந்தது. இரண்டு இடத்தில் ஈயப் பற்று வைத்திருந்தார்கள். அதற்கும் தாங்காமல் ஒரு செம்புக் கம்பியால் தூக்கிக் கட்டி ஒதுக்கிவிட்டிருந்தார்கள். குளிராவது மண்ணாவது! கை சும்மா இருக்குமா? பழக்கதோஷம். செம்புக் கம்பியை வெட்டி எறிந்தேன், வளைசலை நிமிர்த்தினேன், எண்ணெய் விட்டேன். பத்து அடித்தது. ஆனந்தத்தில் குதிக்காத குறை.

அப்புறம்தான் முகப்பைத் துடைக்க எடுத்தேன். வெள்ளைப் பூச்சு, பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில் மட்டும் வில் மாதிரி தேய்ந்து, அடித் தகரம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது. குழுவில் படம் போட்டேன். "டயல் அவுட், மதுரையில கொடுத்துப் புதுசா பெயின்ட் அடிச்சிருங்க" என்று பதில் வந்தது. அடிக்கத்தான் இருந்தேன். முள்ளின் நுனியில் விரலை வைத்துப் பார்த்தபோது விரல் போய் உட்கார்ந்தது அந்தத் தேய்மானத்தில். ஒருவன் முள்ளை விரலால் பிடித்துத் தள்ளினால் விரல் எங்கே உரசுமோ அங்கே. தினமும் தள்ளியிருந்தால்தான் பூச்சு அவ்வளவு தேயும்.

கம்பி எதனால் பின்பக்கம் வளையும்? கடிகாரம் சேர்க்கிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. மணியடிக்கும் கடிகாரத்தில் முள்ளை ஒருபோதும் பின்னால் திருப்பாதே, கம்பி வளைந்துவிடும். யாரோ முள்ளைப் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். அதிகாலையில் இருபது நிமிடம் முன்னால் தள்ளுவது, ஆட்கள் மலைக்குள் போனதும் பின்னால் இழுத்துவிடுவது. அப்படி இழுத்துவிட்டால் சாயங்காலம் வேலை விடும் நேரம் மட்டும் மாறாது. தினமும் இருபது நிமிடம் கூலியில்லாத வேலை. பாவிகள்! களத்தில் நின்ற இருநூறு பேரில் ஒருவர் கையிலும் வாட்ச் கிடையாது. அந்தக் கம்பியைச் சாட்சியாக வைத்திருக்கலாம். அதையும் என் கையாலேயே நிமிர்த்தித் தொலைத்திருந்தேன்.

ரேடியோ கேட்டுப் புறப்பட்ட அன்றைக்கு அம்மா தாமதமாக வரவில்லை. என்றைக்குமே வரவில்லை. எனக்குத் தலை கொதித்தது. அவள் பெயரை இப்போதாவது மீட்டுக் கொடுத்துவிடலாம் என்று கடிகார முகப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா தரையில் கால் நீட்டி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ ஒரு நா கூட லேட்டா வரல. அந்தக் கடிகாரத்த முன்னாடி தள்ளி வச்சு ஏமாத்தியிருக்காங்க. இங்க பாரு."

அவள் பார்க்கவில்லை. "இதச் சொல்லத்தான் இம்புட்டு வேகமா வந்தியாக்கும்?"

"உனக்குத் தெரியுமா?"

"லயத்துல தெரியாதது யாரு? தெரிஞ்சு என்ன செய்ய? கேட்டா அந்த வாரம் பூரா வேல இல்லம்பாக."

"எந்தப் படுபாவி திருப்புனது?"

அம்மா ஒரு மொச்சையைப் பிதுக்கித் தட்டில் போட்டாள். "சாவி யாருகிட்டடா இருந்துச்சு?"

முகப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"மேனேஜர் தொர சொன்னாக, இவுக செஞ்சாக. முடியாதுன்னா வேற ஆளு செய்வான், நம்ம வீடும் போயிருக்கும். அங்கன இருந்து எறங்குனா எங்க போக, ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு?"

"அப்ப உன்னய எதுக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி வஞ்சாரு? தெரிஞ்சுக்கிட்டே வஞ்சாரா?"

"வையாம விட்டா, பொண்டாட்டிக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரமான்னு கேப்பாகல்ல. அதான் மத்தவுகள ஒரு சத்தம் போட்டா என்னய ரெண்டு சத்தம் போட்டாக."

அவரை நினைத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டாடியதை எல்லாம் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது. செத்துப்போனவரை அம்மாவுக்கு முன்னாலேயே வாய்க்கு வந்தபடி திட்டினேன். இத்தனை வருடம் என்னையும் சேர்த்து ஏமாற்றினாரே, பொண்டாட்டியைப் பலிகொடுத்து வேலையைக் காப்பாற்றிய மனுசனா ஒரு மனுசன் என்று கேட்டேன். அம்மா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏலே, உங்கப்பாவ நீ வையாத. அவுகளாச்சும் நடந்தது தெரிஞ்சு வஞ்சாக. ராத்திரி என் மொகத்தப் பாக்கமாட்டாம சோறு திங்காமப் படுத்திருக்காக. நீ தெரியாமயே வஞ்ச. ஒருக்காச்சும், ஏம்மா இப்பிடி ஆகுதுன்னு கேட்டியா? தேனி ஆஸ்பத்திரில அவுக போனன்னைக்கு, மலையில இருந்து ரெண்டு பஸ் மாறி விழுந்தடிச்சு ஓடியாந்தேன். வாசல்லயே நிறுத்தி, 'இதுக்குமா லேட்டு?'ன்னு கேட்டியேடா."

கேட்டேன். வார்த்தை மாறாமல் அப்படித்தான் கேட்டேன். அவளுக்கு அது மறந்திருக்கும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.